பெரியம்மாவின் வயிற்றுப் புள்ளிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் பேச்சு வளர்ந்துவிடும். கடல் காப்பகத்தில் ஆனைத்திருக்கைகளைக் கண்காணிக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். வெளியே மயூர் விஹார். எதிர் பிளாக்கின் பால்கனியில் போர்வை காயும். "டெல்லியிலயா?" என்பார். ஆமாம், டெல்லியில்தான்.

அம்மா எனக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நான் மீன் இலாகாவில் இருப்பதாகக் காலனி முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். அதிலிருந்து எங்கள் பிளாக்கின் செயலாளர் என்னை லிஃப்டில் மடக்கி, நல்ல வஞ்சிரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் வேலை அதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஊருக்குத் தராமல் வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். அதனால் இப்போது லிஃப்டை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிப் போகிறேன்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனைத்திருக்கை என்பது கட்டிலைவிடப் பெரிய, பரம சாதுவான மீன். இரண்டு பக்கமும் இறக்கை விரித்துக் கடலுக்குள் பறந்துகொண்டே இருக்கும். முதுகைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வயிற்றைப் பார்த்தால்தான் ஆள் தெரியும். வெள்ளை வயிற்றில் கறுப்புப் புள்ளிகள். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. ஆகவே ஒரு திருக்கை திரும்பி வந்ததா, உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் யாராவது அதற்குக் கீழே போய் வயிற்றைப் படம் எடுக்க வேண்டும்.

எங்கள் காப்பகம் தீவுகளில் இருக்கிறது. அங்கே எங்கள் ஆட்கள் என்று இருப்பது என் மேலாளரான ஓர் அம்மாளும் ஒரு படகும்தான். அதனால் விடுமுறைக்குப் போய்ப் பொழுதுபோக்காக ஸ்கூபா முங்குகிறவர்களிடம் கேட்டுக்கொண்டோம். எப்படியும் படம் எடுக்கத்தான் போகிறீர்கள், அப்படியே கொஞ்சம் வயிற்றையும் எடுத்து அனுப்புங்கள் என்று. அவர்கள் அனுப்புவார்கள். அனுமதிக் கடிதங்களுக்கு அலைவதற்காக டெல்லியில் எங்களுக்கு ஓர் அலுவலகம் உண்டு, ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில். அதில் உட்கார்ந்து வயிறு வயிறாகப் பார்த்து, இது இன்னார் என்று நான் சொல்வேன். இதற்குத்தான் சம்பளம்.

படம் அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டெல்லிக்காரர்கள். கடல் இல்லாத ஊர்க்காரருக்குக் கடல்மேல் இருக்கிற மோகம் கடற்கரைக்காரருக்கு வராது. நீச்சல்குளத்தில் கற்றுக்கொண்டு, ஆளுக்கொரு கேமரா வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு விமானம் ஏறிப் போவார்கள். திரும்பி வந்து எங்கள் வாட்ஸப் குழுவில் கொட்டுவார்கள். படத்தின் நடுவில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருப்பார். அவர் பின்னால் அவருடைய மைத்துனர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருப்பார். மூலையில் ஒரு வால் தெரியும். அந்த வால்தான் திருக்கை. தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று அர்த்தமாம். ஒரு முறை வழிகாட்டி அதை நம்பி ஒரு குடும்பத்தையே அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தா என்று படகிலேயே சண்டை.

வயிறு வேண்டும், வயிறு வேண்டும் என்று நான் எழுதாத நாளில்லை. பதிலுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வரும். ஒரு முறை ஒருவர், திருக்கை வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களை வடிகட்டிச் சாப்பிடும் என்று எழுதினேன். அது முட்டைக் கணக்கில் வருமா என்று கேட்டு ஒரு வாரம் குழுவில் வாதம் நடந்தது. கடைசியில் திருக்கை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் விரதம் இருக்கலாம் என்று யாரோ சமாதானம் செய்துவைத்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டுதான் நான் கடலைக் காப்பாற்றுகிறேன்.

எங்கள் திருக்கைகளுக்கு எண் உண்டு. நான் எனக்குள் வேறு பெயர்களில் கூப்பிடுவேன். அதில் ஒருத்திதான் பெரியம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் புள்ளி பார்க்கக் கற்றுக்கொண்டது அவள் வயிற்றில்தான். மற்றவை எல்லாம் ஆட்களைக் கண்டால் விலகிப் போகும். இவள் நேராகக் கேமராவை நோக்கி வருவாள், கல்யாண வீட்டில் பந்தி நடுவே வந்து நின்று யாருக்கு அப்பளம் வரவில்லை என்று கேட்கிற பெரியம்மா மாதிரி. வயிற்றின் இடது பக்கம் ஒரு கொத்துப் புள்ளி, தாளிக்கும்போது தெறித்த கடுகு போல. வலது பக்கம் ஒரே ஒரு பெரிய பொட்டு, தனியாக. அந்தப் பொட்டைப் பார்த்தால் எனக்கு அன்றைய மனக்கசப்பு எல்லாம் போய்விடும். ஏன் என்று கேட்டால் தெரியாது. சிலருக்குச் சில முகம் பிடிக்கிறது, எனக்கு ஒரு வயிறு பிடித்துவிட்டது.

மூன்று பருவமாக அவள் எந்தப் படத்திலும் இல்லை. மூன்று பருவம் வராத திருக்கையைக் காணாமற்போனவை என்கிற பகுதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பெயர்தான் அப்படி. அந்தப் பகுதிக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. வலையில் மாட்டியிருக்கும், படகின் விசிறியில் அடிபட்டிருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம், அவ்வளவுதான்.

"திங்கட்கிழமை ரிப்போர்ட் போகணும். அதுக்குள்ள அவளை மாத்திடு" என்றார் மேலாளர் தொலைபேசியில். அவர் வங்காளி, அதிகம் பேசமாட்டார். அவருக்கும் வருத்தம் என்பது குரலில் தெரிந்தது. சரி என்றேன். மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த வாரம் முழுவதும் அதற்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைப்பேன், டீ குடிக்க எழுந்து போய்விடுவேன்.

வீட்டில் நான் உம்மென்று இருந்ததைப் பார்த்து அம்மா விசாரித்தாள். சொன்னேன்.

"ஒரு மீனுக்காட்டி இந்தப் பாடு?" என்றாள். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து அத்தனை வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு அங்கேயேதான் நிற்கிறது, நடுவில் கொஞ்சம் இந்தி ஏறியிருக்கிறதே தவிர. "எங்க ஊர்ல திருக்கைன்னா கொழம்பு. புளிய நல்லா கரைச்சு, பூண்டத் தட்டிப் போட்டு வச்சா, மறுநாளைக்கு இன்னும் நல்லாருக்கும். இத்தன பேரு ஏரோபிளேன்ல போயி பாக்காவளே, ஒருத்தனாச்சும் கொழம்பு வச்சானா?"

"அம்மா, அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்."

"அச்சா, அச்சா. நான் என்ன இப்பமே சட்டிய அடுப்புல வச்சிட்டனா?"

இந்த நிலைமையில்தான் ராஜௌரி கார்டன்காரரின் படங்கள் வந்து சேர்ந்தன. டெல்லியின் அந்தப் பகுதியில் அவருக்குக் குளியலறைச் சாமான் கடை. குழாய், ஷவர், கமோடு, படுத்துக் குளிக்கிற தொட்டி எல்லாம் விற்பார். மனைவியோடு சேர்ந்து ஸ்கூபா கற்றுக்கொண்டு, அந்த வருஷம்தான் முதல் முறையாகத் தீவுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் எல்லாம் திருக்கைக்கு மேலே மேலே மிதந்து கொண்டிருந்தபோது, இவர் ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு மணலில் மல்லாந்து படுத்துவிட்டாராம். தன் கடைத் தொட்டியில் படுத்துக் காட்டுவதுபோல. தலைக்கு மேலே பறந்த ஒன்றை அப்படியே எடுத்துவிட்டார். முழு வயிறு. குமிழி இல்லை, விரல் இல்லை, மைத்துனர் இல்லை. அந்த ஒரு படத்துக்காக அவர் கடையில் ஒரு கமோடு வாங்கலாம் போலிருந்தது.

கணினியில் போட்டேன். எங்களிடம் இருக்கிற எந்தத் திருக்கையோடும் பொருந்தவில்லை என்றது. நானும் கண்ணால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கேயோ பார்த்த முகம்போல் ஓர் உறுத்தல் மட்டும் இருந்தது. ஆனால் எனக்கு அந்த வாரம் எதைப் பார்த்தாலும் பெரியம்மா ஞாபகம்தான். சப்பாத்தியில் கருகல் விழுந்தாலும் அவள்தான். ஆகவே அந்த உறுத்தலை நான் மதிக்கவில்லை. புதுத் திருக்கை என்று அவருக்கு எழுதினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய திருக்கையை முதலில் படம் எடுத்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். மேலாளர் கொண்டுவந்த தந்திரம் அது. அதற்காகவாவது வயிற்றை எடுப்பார்கள் என்று. ராஜௌரி கார்டன்காரர் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் தன் மனைவியின் செல்லப் பெயரை வைத்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கடையில் ஆட்கள் முன்னால் கூப்பிடக்கூடாது என்று அந்த அம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறாராம். இப்போது ஒரு காப்பகமே கூப்பிடப்போகிறது.

எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு புதியவள் வந்திருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பெயர் எழுதுகிற அதே வாரத்தில் பெரியம்மாவை வெளியே அனுப்ப வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. புதியவள்மேல் எரிச்சல் வந்தது. ஒரு மீன்மேல் பொறாமை வைத்துக்கொண்டு மெட்ரோவில் நின்றபடி வீடு போன ஆள் டெல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் அனுப்பியதில் திருக்கைப் படத்தோடு மற்ற விடுமுறைப் படங்களும் சேர்ந்து வந்திருந்தன. அதில் ஒன்றில் அவரும் மனைவியும் படகில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மனிதர்களை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை, நேராக வயிற்றுக்குப் போய்விடுவேன். வீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தபோது அம்மாதான் பார்த்தாள்.

"இவ நம்ம ஊருக்காரில்லா" என்றாள்.

"ராஜௌரி கார்டன்மா. பக்கா பஞ்சாபி."

"மூக்கப் பாருட்டி. வலது பக்கம் குத்திருக்கா. இங்கன உள்ளவளுவ எல்லாம் இடது பக்கம்லா போடுவாளுவ. நம்மதான் வலது."

"இந்தக் காலத்துல எந்தப் பக்கம் வேணாலும் குத்திப்பாங்க."

"புருசன் பஞ்சாபியா இருப்பான். இவ கட்டிக்கிட்டு வந்தவ. பாவம், தமிழு பேச ஒரு ஆளு இல்லாம கெடப்பா." அம்மாவின் கண் கலங்கியே விட்டது. படத்தில் அந்த அம்மாள் பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே ராஜௌரி கார்டன்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் கடையில் புதுத் திருக்கையின் பெயர்சூட்டு விழா, குடும்பத்தோடு வர வேண்டும் என்று. எனக்குப் போக மனமில்லை. மறுநாள் திங்கள், பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஆனால் அம்மா அதற்குள் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். வாயில் ருசி செத்துக் கிடக்கும் பெண்ணுக்காம். மயூர் விஹாரிலிருந்து ராஜௌரி கார்டன்வரை பிங்க் லைன் மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பாதுகாப்புச் சோதனையில் அதைத் திறந்து காட்டச் சொன்ன காவலருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

கடை என்றால் கடையேதான். வாடகைக்கு மண்டபம் எடுப்பானேன் என்று சாமான்களை நகர்த்தாமல் நடுநடுவே விருந்தை வைத்துவிட்டார். ஷவர் கண்ணாடிக் கூண்டுக்குள் கோல்கப்பா, அதாவது டெல்லியின் பானிபூரி, போடுகிறவர் நின்றார். வாஷ்பேசின் வரிசையில் சட்னிகள். நாற்காலி போதாமல், பாதி விருந்தினர்கள் விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டிகளில் காலை மடக்கி உட்கார்ந்து சோலே பட்டூரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூடிய கமோடுகளின்மேல் வயதானவர்கள் தட்டோடு வசதியாக அமர்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் டிஜே. நடுவில் மேஜைமேல் நீலக் கிரீமில் திருக்கை வடிவக் கேக், அதன் முதுகில் அந்தச் செல்லப் பெயர். ராஜௌரி கார்டன்காரர் நீலக் கோட்டு போட்டு மாப்பிள்ளைபோல் அலைந்துகொண்டிருந்தார்.

நான் கோல்கப்பா வரிசையில் நின்றேன். துக்கமாக இருந்தாலும் கோல்கப்பா கோல்கப்பாதான். எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி அம்மா ராஜௌரி கார்டன்காரரின் மனைவியைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"எந்த ஊரும்மா நீ? திருநெல்வேலியா, நாவர்கோயிலா?" என்றாள்.

"ஜீ?" என்றார் அவர்.

"டெல்லிக்கு வந்து தமிழே மறந்துபோச்சு பாத்தியா. பரவால்ல, மெல்லப் பேசு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நின்றார். அம்மா ஊறுகாயை நீட்டினாள். வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினார். அப்போதுதான் அம்மா மூக்கைக் கவனித்தாள். மூக்குத்தி இடது பக்கம் இருந்தது. வலது பக்கம் துளைகூட இல்லை. அம்மா விடுகிற ஆள் இல்லை. கையால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டித் தன் இந்தியில் இறங்கினாள். போட்டோவில் இந்தப் பக்கம் இருந்தது, இப்போது அந்தப் பக்கம் எப்படிப் போயிற்று என்று.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவா ஆன்ட்டிஜி, இவரோட வேலை. மனைவி எப்பவும் கணவனுக்கு இடது பக்கம்தான் இருக்கணும்னு இவங்க வீட்டுப் பண்டிட் சொல்லிட்டார். கல்யாணத்திலேர்ந்து போட்டோன்னா என்னை இடது பக்கம் இழுத்து நிறுத்துவார். படகுல எனக்குக் கிடைச்ச இடத்துல நான் உட்கார்ந்துட்டேன். தண்ணிக்குள்ள சொல்லவே வேண்டாம், யார் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? அதனால வீட்டுக்கு வந்ததும் போட்டோவை எல்லாம் போன்ல வச்சுத் திருப்பிட்டார். இப்ப நான் இடது பக்கம் வந்துட்டேன், என் மூக்குத்தி வலது பக்கம் போயிடுச்சு."

என் வாயில் ஒரு முழு கோல்கப்பா இருந்தது. உடைக்காமல் அப்படியே திரும்பினேன்.

"எல்லாத்தையுமா?" என்றேன். வாயில் புளித்தண்ணீர் வழிந்தது.

"எல்லாத்தையும். ஒண்ணொண்ணாப் பார்க்க இவருக்கு எங்க பொறுமை? மொத்தமாத் திருப்பிட்டார்."

விழுங்கினேனா துப்பினேனா என்று தெரியாது. கைப்பையிலிருந்து போனை எடுத்து அந்தப் புதுத் திருக்கையின் படத்தைத் திறந்தேன். கண்ணாடிபோல் திருப்புகிற பொத்தான் எங்கே என்று தேடினேன். அழுத்தினேன். வலது பக்கம் இருந்த புள்ளிக் கொத்து இடது பக்கம் போயிற்று. தெறித்த கடுகு. இடது ஓரத்தில் இருந்த ஒற்றைப் பொட்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தது, தனியாக, பெரிதாக.

பெரியம்மா. சாகவில்லை. எங்கேயும் போகவில்லை. போன மாதம் ஒரு கமோடு கடைக்காரரின் தலைக்கு மேலே சுகமாகப் பறந்திருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது. பக்கத்திலிருந்த ஷவர் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அது நிஜமாகவே தண்ணீர் இணைப்பு கொடுத்து வைத்திருந்த கம்பி என்பது கோல்கப்பா போடுகிறவரின் தலை நனைந்த பிறகுதான் தெரிந்தது.

திருப்பிய படத்தை மேலாளருக்கு அனுப்பி, காரணத்தையும் எழுதினேன். மூக்குத்தி பற்றி எழுதியதை அவர் நம்பியிருக்க மாட்டார். படத்தை நம்பினார். "மாற்றாதே" என்று ஒரு சொல் பதில் வந்தது. அதன் பின்னால் ஓர் இதயம். மேலாளர் எனக்கு இதயம் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

இனி ராஜௌரி கார்டன்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் அப்போதுதான் கத்தியை எடுத்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினேன். கத்தி கீழே இறங்கியது.

"அப்போ என்னோடது புதுசு இல்லையா, மேடம்ஜி?"

"இல்ல. எங்களுக்குப் பழைய ஆள்."

"பேர்?"

"ஏற்கெனவே இருக்கிறவளுக்குப் புதுசாப் பேர் வைக்க முடியாது."

அவர் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார், கேக் செய்திருக்கிறார். பக்கத்தில் வந்து நின்ற மனைவி கேக்கில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தப் பேரை நீங்க கடல்வரைக்கும் கொண்டுபோவீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல" என்று சொல்லி, கிரீமில் அந்தப் பெயர் இருந்த இடத்தைக் கரண்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்போ அவளை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"எண்தான் உண்டு. நான் பெரியம்மான்னு கூப்பிடுவேன். அம்மாவோட அக்கான்னு அர்த்தம்."

"படீ மௌசி" என்று அவர் இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவங்களை எத்தனை நாளாக் காணோம்?"

"மூணு சீசனா. செத்துட்டான்னே நினைச்சோம். நாளைக்கு அவளை விலக்கிடுறதா இருந்தது."

"வேற யாரும் பார்க்கலையா?"

"நீங்க ஒருத்தர்தான் பார்த்திருக்கீங்க. மணல்ல படுத்தீங்களே, அதனால."

அவர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். டிஜேயிடம் போய் மைக்கை வாங்கினார். பாட்டு நின்றது.

"நண்பர்களே, சொந்தக்காரர்களே. இன்னிக்கு ஒரு பெரிய விஷயம் தெரிய வந்திருக்கு. இதோ நிக்கிற மேடமோட பெரிய மௌசி மூணு சீசனாக் கடல்ல காணாமப் போயிருந்தாங்க. எல்லாரும் நம்பிக்கையை விட்டுட்டாங்க. நானும் என் மனைவியும் போன மாசம் தண்ணிக்கு அடியில அவங்களைப் பார்த்தோம். நல்லா இருக்காங்க. சிரிச்ச முகமா இருக்காங்க. என் தலைக்கு மேலயே வந்து நின்னாங்க."

அவர் அறிந்து சொன்னாரா, ஆனந்தத்தில் திருக்கை என்கிற சொல்லை விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிஜே முழுச் சத்தத்தில் பாங்க்ரா போட்டார். கேக் வெட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் தொட்டிகளிலிருந்தும் கமோடுகளிலிருந்தும் ஆட்கள் எழுந்து எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்கள்.

வாழ்த்துகள் என்றார்கள். கடவுள் பெரியவர் என்றார்கள். மூன்று வருஷம் கடலிலா என்று ஒருவர் என் தலையில் கை வைத்தார். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், தன் மருமகன் டாக்டர் என்றார் இன்னொருவர். நான் விளக்க முயன்றேன். பாங்க்ராவில் ஒரு சொல்லும் எடுபடவில்லை. அதற்குள் ஒரு கூட்டம் அம்மாவைச் சூழ்ந்துகொண்டது. பெரிய மௌசி என்றால் உங்கள் அக்காதானே என்று கேட்டார்கள்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். புளியும் பூண்டும் சொன்ன அதே வாய்.

"ஹாங்ஜி. மேரீ படீ பெஹன்" என்றாள், ஆமாம், என் அக்காதான் என்று. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "மோட்டீ ஹை. அச்சீ ஹை" என்றாள், குண்டாக, நன்றாக இருக்கிறாள் என்று. அப்புறம் நிஜமாகவே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாலு பேர் சேர்ந்து அழுதார்கள். யாரோ அவளை ஒரு நல்ல தொட்டியாகப் பார்த்து உட்காரவைத்து, ஜிலேபி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என்னிடம் பச்சைச் சல்வார் போட்ட ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். தாட்டியான உடம்பு, அதிகாரமான குரல். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு பேட்டா. உன்னைப் பார்த்ததும் மௌசிக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"அவளுக்கு என்னைத் தெரியாது, ஆன்ட்டி."

"எப்படித் தெரியாது? நீ போய்ப் பார்த்தா தானா ஞாபகம் வந்துடும்."

"நான் போனதே இல்ல" என்றேன். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவளை நேர்ல பார்த்ததில்ல. போட்டோதான்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். தெரிந்த விஷயம்தான். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். மூன்று பருவம் அவளுக்காகத் துக்கம் கொண்டாடியிருக்கிறேன். பக்கத்தில் போய் எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அந்த அம்மாள் என் கையை விட்டுவிட்டார். என்னைவிடக் கேடுகெட்ட ஒருத்தியை ராஜௌரி கார்டனில் அவர் பார்த்திருக்க மாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒருத்தி உயிரோட கிடைச்சிருக்கா. நீ இங்க நின்னு கோல்கப்பா தின்னுட்டிருக்கியா? ஜல்தி, போனை எடு. டிக்கெட் போடு. நான் இங்கயே நிக்கறேன்."

நின்றார். அவர் பார்க்கப் பார்க்க ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கிரீம் ஒட்டிய விரலால் தீவுக்கு டிக்கெட் போட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான் ஞாபகப்படுத்தினாள்.